கசக்கக் கூடாத காய் கசந்தால்: வீட்டில் சாறு பிழியும் முன் அறிய வேண்டியவை

வீட்டில் ஒருவர் நோயுற்று மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவ்வீட்டு அடுக்களையின் ஒழுங்கே மாறிவிடுகிறது. காப்பிக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்பே மிக்ஸி ஓடத் தொடங்குகிறது. பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு சாற்றைச் சொல்லிவிட்டுப் போகின்றனர். இரத்தம் ஊறப் பீட்ரூட், கல் கரைய வாழைத்தண்டு, சர்க்கரை குறையப் பாகற்காய், கொழுப்பு குறையச் சுரைக்காய், உடற்சூடு தணிய வெண்பூசணி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் காலை நடைப்பயிற்சிக்குச் செல்பவர்கள் வழியோரத்தில் எவர்சில்வர் பாத்திரங்களில் விற்கப்படும் அருகம்புல் சாற்றையும் வாழைத்தண்டுச் சாற்றையும் நன்கு அறிவர். அங்கே குடித்துப் பழகியவர்கள் வீட்டிலுள்ள நோயாளிக்கும் அதையே தயாரித்துக் கொடுக்க விரும்புவது இயல்பே.

எங்கள் உணவியல் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளில் "என்ன சாறு கொடுக்கலாம்?" என்பதே முதலிடம் பெறுகிறது. அக்கேள்வியில் இருக்கும் அன்பை நாங்கள் அறிவோம். மாத்திரையை மருத்துவர் எழுதித் தருகிறார், ஊசியைச் செவிலியர் போடுகிறார். மனைவியும் மகளும் மகனும் தம் கையால் செய்யக்கூடியது உணவு ஒன்றுதான். ஆகவே சாறே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. எந்தக் காய், எவ்வளவு, யாருக்கு என்ற மூன்றையும் பார்த்த பிறகே பிழியுங்கள் என்று சொல்கிறோம். அவற்றுள்ளும் உயிரோடு தொடர்புடைய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சுரைக்காயின் கசப்பு

புது தில்லியில் 2010ஆம் ஆண்டு ஒரு துயரம் நிகழ்ந்தது. சுரைக்காய்ச் சாற்றை நெடுநாளாகக் குடித்து வந்த ஒருவர், ஒரு நாள் காலையில் வழக்கம்போல் அதனுடன் பாகற்காய்ச் சாற்றையும் கலந்து குடித்தார். மனைவியும் குடித்தார். அன்றைய சாறு வழக்கத்துக்கு மாறாகக் கசந்தது. சிறிது நேரத்தில் இருவருக்கும் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாயின. மனைவி சிகிச்சைக்குப் பின் பிழைத்தார், கணவர் இறந்துவிட்டார்.

இதையடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு வல்லுநர் குழுவை அமைத்துக் கசப்புச் சுரைக்காய்ச் சாற்றின் தீங்கை ஆராய்ந்தது. அக்குழுவின் மதிப்பீடு 2012இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. அதன் அறிவுரை மிக எளியது. சாறு எடுப்பதற்கு முன் சுரைக்காயில் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் அக்காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கசப்பான சுரைக்காய்ச் சாற்றை எக்காரணம் கொண்டும் குடிக்கக் கூடாது. சுரைக்காய்ச் சாற்றுடன் வேறு சாறு எதையும் கலக்கக் கூடாது. குடித்தபின் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இனம்புரியாத அசௌகரியம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கலக்கக் கூடாது என்பதன் காரணத்தைத் தில்லி நிகழ்ச்சியே விளக்குகிறது. பாகற்காய் இயல்பிலேயே கசக்கும். அதனுடன் சேரும்போது சுரைக்காயின் கசப்பு எது, பாகற்காயின் கசப்பு எது என்று நாவினால் பிரித்தறிய இயலாது. இஞ்சி, எலுமிச்சை, மிளகு, தேன் ஆகியவையும் கசப்பை மறைத்துவிடும்.

சுரை, வெள்ளரி, பூசணி, பீர்க்கு, புடல் ஆகியவை ஒரே குடும்பத்துச் செடிகள். பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள இவை குகுர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருளை உண்டாக்குகின்றன. பல தலைமுறைகளாக உழவர்கள் கசப்பில்லாத காய்களின் விதையையே தேர்ந்து விதைத்து வந்ததால், நாம் உண்ணும் காய்களில் அப்பொருள் மிகக் குறைந்துவிட்டது. ஆயினும் முற்றிலும் மறையவில்லை. கடும் வெயில், நீர்ப்பற்றாக்குறை, காட்டுக்கொடியோடு மகரந்தம் கலத்தல் ஆகியவற்றால் அது மீண்டும் தலைதூக்கலாம். அப்படிப்பட்ட காய் பார்வைக்கு மற்றக் காய்களைப் போலவே பச்சையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு மொழியே சான்று. காட்டில் விளையும் கசப்புச் சுரையைப் பேய்ச்சுரை என்றனர். கசக்கும் பீர்க்கையும் புடலையும் பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்றனர். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வெள்ளரிக்காயின் நுனியை அரிந்து, அரிந்த துண்டாலேயே தேய்த்து நுரையை வழித்தெறியும் பழக்கமும் இக்கசப்பைக் கண்டு எழுந்ததே. ஆனால் கசக்கின்ற காயைத் தேய்த்துக் கசப்பைப் போக்கிவிட்டதாக எண்ணிச் சாறு எடுக்க வேண்டாம்.

இங்கே நம் பழக்கம் ஒன்று நமக்கே பகையாகிறது. வேப்பம்பூப் பச்சடியும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காய்ப் பொரியலும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். கசப்பு உடலுக்கு நல்லது என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சாறு கசந்தால், "மருந்து அப்படித்தான் இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுங்கள்" என்று நோயாளியை நாமே வற்புறுத்துகிறோம். வேம்பும் பாகலும் கசப்பது அவற்றின் இயல்பு. கசக்கக் கூடாத சுரைக்காய் கசப்பது அபாய அறிவிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

சமைத்து உண்பதற்கும் சாறாகக் குடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே நினைக்க வேண்டும். கசப்பான சுரைக்காயைக் கூட்டாகச் செய்தால் இரண்டு வாய் உண்டதும் தட்டை ஒதுக்கிவிடுவோம். சாறாக இருந்தால் அரைக்காயின் நஞ்சை அரை நிமிடத்தில் விழுங்கிவிட முடியும். சமைத்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை என்பதும் சரியன்று. இக்கசப்புப் பொருள் வேகவைப்பதால் அழிந்துவிடுவதில்லை. ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்னும் ஊரில் 2015ஆம் ஆண்டு முதியவர் ஒருவர், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்னும் பூசணி வகைக் காயைச் சமைத்து உண்டதால் இறந்தார். உடன் உண்ட மனைவி, கசக்கிறது என்று சிறிதளவோடு நிறுத்திக்கொண்டதால் பிழைத்தார்.

வீட்டுத் தோட்டம் என்றதும் நம் பகுதி மாடித் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. மாடம்பாக்கத்திலும் சிட்லபாக்கத்திலும் முடிச்சூரிலும் எத்தனையோ வீடுகளில் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் சென்ற ஆண்டுக் காயிலிருந்து நாமே எடுத்து வைத்த விதையில் முளைத்த கொடியும், குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியும் தாய்க்கொடியைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வீட்டில் விளைந்ததாயினும் சுவைத்துப் பார்க்காமல் பிழியாதீர்கள்.

சுவைத்துப் பார்க்கும் முறை இது. காயைக் கழுவித் தோல் சீவி, காம்புப் பக்கம், நடு, நுனி ஆகிய மூன்றிடத்திலும் நகக்கண் அளவு துண்டு எடுங்கள். நாவில் வைத்து மென்று துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். சிறிது கசந்தாலும் காய் குப்பைக்குப் போகட்டும். இருபது, முப்பது ரூபாய்க் காயை எறிய மனம் வராமல் "கொஞ்சம்தானே கசக்கிறது" என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். மற்றொன்றும் உண்டு. சுவைத்துப் பார்ப்பவர் நோயாளியாக இருக்கக் கூடாது. புற்றுநோய் மருந்துகளாலும், நெடுநாள் மாத்திரைகளாலும், முதுமையாலும் பலருக்கு நாவின் சுவையுணர்வு மாறியிருக்கும். சிலருக்கு எல்லாமே கசக்கும். சிலருக்கு எதுவுமே தெரியாது. வீட்டிலுள்ள நலமான ஒருவரே இதைச் செய்ய வேண்டும்.

தவறிக் குடித்துவிட்டால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கலாம். வாந்தியில் இரத்தம் வரலாம். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து என ஒன்று இல்லை. நரம்பு வழியே நீர் செலுத்தி, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடித்து, வயிற்றின் உட்புறப் புண்ணுக்கு மருந்து கொடுத்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே மோர் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108 எண்ணை அழையுங்கள். மீதமுள்ள சாற்றையும் காயையும் ஒரு பையில் எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யும் முறை

நலமாக உள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு தம்ளர் சாறு செய்ய, நடுத்தரக் கேரட் ஒன்று, பாதி வெள்ளரிக்காய், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, பத்துப் புதினா இலை, அரை மூடி எலுமிச்சை, காய்ச்சி ஆறவைத்த நீர் அரைத் தம்ளர் போதும். வெள்ளரியைச் சுவைத்துப் பார்த்த பின் சேர்க்கவும். எலுமிச்சையை அரைத்து முடித்தபின் பிழியவும். விதையோடு அரைத்தால் கசப்பேறும், அப்போது எந்தக் கசப்பு என்ற குழப்பம் வரும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். வடிகட்டாமல் குடிப்பதே நல்லது. நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையில்தான் இருக்கிறது. அதை வடித்து எறிந்துவிட்டு, பின்னர் மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர், அடுத்த வீட்டில் லாரி நீர், மாடியில் கேன் நீர் என்று இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய மழைக்காலங்களில் கழிவுநீர் கலந்த நீர் கிணற்றுக்கும் தரைத்தொட்டிக்கும் வந்துவிடும். குழம்பு கொதிக்கிறது, சாறு கொதிப்பதில்லை. சமையலில் அழிந்துபோகும் கிருமி சாற்றில் அப்படியே வயிற்றுக்குள் செல்கிறது. எனவே சாற்றில் சேர்க்கும் நீரும், மிக்ஸி ஜாரைக் கடைசியாக அலசும் நீரும் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கட்டும். பனிக்கட்டி சேர்க்க விரும்பினால் வீட்டில் காய்ச்சிய நீரில் செய்ததை மட்டும் சேருங்கள்.

காய்களை ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைப்பது நம் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதற்கு அது ஈடாகாது. கேரட்டின் தோலைச் சீவிவிடுங்கள். புதினா, கொத்தமல்லிக் கட்டுகளில் வேரோடு ஒட்டிய மண்ணை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, தழையை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசுங்கள். மீனோ கோழியோ வெட்டிய பலகையில் சாற்றுக்கான காயை வெட்டக் கூடாது. மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். நேற்றைய தேங்காய்ச் சட்னி அங்கே இருக்கும்.

பிழிந்த சாற்றை உடனே குடித்துவிட வேண்டும். அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. இரவில் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காலையில் கொடுப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

யாருக்கு ஆகாது

சிறுநீரக நோயாளிகளின் வீட்டாருக்கு முதலில் சொல்கிறோம். இரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடாமல் இருக்க, காயை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கும்படி உங்களுக்கு இங்கே கற்றுத் தந்திருக்கிறோம். நீங்களும் அதைச் சலிப்பின்றிச் செய்து வருகிறீர்கள். காய்கறிச் சாறு என்பது நீங்கள் வடித்துக் கொட்டுகின்ற அந்நீருக்குச் சமமானது, இன்னும் செறிவானது. 300 கிராம் தக்காளியை ஒரு தம்ளர் சாறாக்கினால் அதில் ஏறத்தாழ 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராம் அளவே அனுமதிக்கப்படுகிறது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பு தடுமாறும்; முன்னறிவிப்பின்றி நின்றும் போகலாம். ஒரு நாளுக்கு இவ்வளவே நீர் என்று வரையறுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தம்ளர் நீர்க்கணக்கிலும் சேரும். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகத்துக்கு நல்லது என்ற பேச்சைக் கேட்டு, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். கல் இருப்பதும் சிறுநீரகம் பழுதுபடுவதும் வேறு வேறு நிலைகள்.

சிறுநீரகம் நலமாக இருந்தவர்களுக்கும் சாறு கேடு செய்ததுண்டு. கேரளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காய் மிகவும் புளிப்பானது. கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அம்மாநிலத்து ஐந்து மருத்துவமனைகளின் மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தனர். எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அக்காயில் மிகுந்திருக்கும் ஆக்சலேட் என்னும் பொருள் சிறுநீரக நுண்குழாய்களில் படிந்ததே காரணம். மீன்குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு. கூடைக் காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் ஆக்சலேட் உண்டு. கல் உண்டாகும் இயல்புள்ளவர்கள் இவற்றைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடிக்க வேண்டாம். நட்சத்திரப்பழத்தின் சாறு சிறுநீரக நோயாளிக்கு மூளையையே தாக்கும் நஞ்சாகிறது. விடாத விக்கல் அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அளவே முக்கியம். ஒரு தம்ளர் கேரட் சாற்றுக்கு நான்கு கேரட் வேண்டும். அதில் உள்ள இயற்கைச் சர்க்கரை மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஒப்பானது. நாரை வடித்துவிட்டால் அது விரைவாக இரத்தத்தில் கலக்கும். நான்கு கேரட்டைப் பொரியலாக ஒரே வேளையில் ஒருவர் உண்பாரா? பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தியவர்களும் எங்களிடம் வந்திருக்கின்றனர். மாத்திரையோடு அதையும் சேர்த்துக் குடித்துச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கியவர்களும் வரக்கூடும். இரண்டும் ஆபத்தே.

இதய வால்வு அறுவை முடிந்து வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை உண்பவர்கள், கீரைச் சாற்றையோ அருகம்புல், கோதுமைப்புல் சாற்றையோ தாமாகத் தொடங்கவும் கூடாது, தொடங்கியதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. பச்சை இலைகளில் உள்ள வைட்டமின் கே அம்மாத்திரையின் வேலையைக் குறைக்கிறது. எப்போதும் உண்ணும் அளவு கீரையைச் சமைத்து உண்பதில் தடையில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் நீரில்தான் விழுங்க வேண்டும்; சாறு அதற்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளணு குறைந்திருப்பவர்களுக்கு வேகாத சாறு வேண்டாம். அதே காய்களை வேகவைத்து சூப்பாகக் கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கு நீர்த்த சாறு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுபவர்களுக்குச் சக்கை கலந்த சாறு குழாயை அடைத்துவிடும். இவ்விருவர் செய்தியிலும் எங்களைக் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சாறே தேவையில்லை.

நிறமாற்றங்களைக் கண்டு அஞ்சி ஓடி வருபவர்களும் உண்டு. பீட்ரூட் சாறு குடித்த மறுநாள் சிலருக்குச் சிறுநீரும் மலமும் சிவந்திருக்கும், அது தீங்கற்றது. பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாளாகியும் சிவப்பு நீடித்தால் பரிசோதனை தேவை. கேரட் சாற்றை வாரக்கணக்கில் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும். காமாலையில் கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகும்; கேரட்டினால் கண் மஞ்சளாவதில்லை.

காசநோயாளிக்கு வேண்டியது

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரே காசநோய் மருத்துவத்தின் நினைவுச்சின்னம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் இங்கே பன்னிரண்டு படுக்கைகளோடு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றது. காசநோயை அழிக்கும் மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றே அன்று கையில் இருந்தவை. இன்று மருந்து இருக்கிறது. ஆயினும் உணவின் பங்கு குறைந்துவிடவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடைபெற்று, 2023இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில், சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. அதில் காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் 10 கிலோ உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது. அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் ஆகியவை அதில் இருந்தன. வைட்டமின் மாத்திரையும் தரப்பட்டது. சிகிச்சையின் தொடக்க மாதங்களில் உடல் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவதும் 39 விழுக்காடு குறைந்தது.

அந்தப் பொருள்களுள் சாறு இல்லை என்பதைக் கவனியுங்கள். காசநோயாளி எடை கூட வேண்டும். அதற்கு மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் வேண்டும். ஒரு பெரிய தம்ளர் வெண்பூசணிச் சாற்றைக் காலையில் குடித்தால் பசி மந்தித்து, இட்லி இரண்டோடு நின்றுவிடும். கறைபடிந்த நுரையீரலைச் சாறு சுத்தம் செய்துவிடும் என்று சொல்பவர்களை நம்பி, முட்டையையும் பருப்பையும் குறைத்துவிடாதீர்கள். சாறு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் உணவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்து, சிறு தம்ளரில் கொடுங்கள். அதைவிட நல்லது, அதே கேரட்டைப் பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, கஞ்சியாகக் கொடுப்பது. கேரட்டின் மஞ்சள் சத்து வெந்து கொழுப்போடு சேரும்போதுதான் உடலில் நன்கு சேர்கிறது. ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அதற்குச் சாறு காரணமன்று.

எங்கள் பிரிவுக்கு வரும்போது, நோயாளி குடிக்கும் சாறு எதுவாயினும் அதன் பெயரையும் அளவையும் மாத்திரைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வாருங்கள். நடைபாதையில் வாங்கிக் குடிப்பதையும் எழுதுங்கள். அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்காக நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கண்டிப்பார்களோ என்று மறைக்கவும் வேண்டாம்.

சாற்றை வடிகட்டியே ஆக வேண்டிய வீடுகளில் மீறும் சக்கையை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தனர். அன்றைக்கே அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ பிசைந்துவிடலாம். கேரட், பீட்ரூட் சக்கை அடைக்கு நன்றாகவே இருக்கும்; சிறிது பெருங்காயமும் கறிவேப்பிலையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.